பின்கழுத்துத் திருமண்

காலை பதினொன்றரை மணிக்குச் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, ஸ்ரீவல்லி கணவருக்கு எடுத்துப்போகக் கஞ்சியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பேசியது அவர் தம்பி ஸுதர்சன்.

"மன்னி, அண்ணா போயிட்டார்."

"ஏதாவது சாப்ட்டாரா?" என்றுதான் அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டும்விட்டாள்.

ரங்கநாத் மின்வாரிய ஆபீசில் குமாஸ்தா. அப்படிச் சொன்னால் சின்னக் காஞ்சிபுரத்தில் யாருக்கும் ஆளைத் தெரியாது. பெருமாள் கோயில் கோஷ்டியில் முன்வரிசையில் நின்று பாசுரத்தைக் கணீரென்று சேவிப்பாரே, அவர் என்றால் தெரியும். தினமும் குளித்துவிட்டு உடம்பில் பன்னிரண்டு இடத்தில் திருமண் இட்டுக்கொள்ளாமல் வாசலைத் தாண்டமாட்டார். நெற்றி, மார்பு, தோள் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். பின்கழுத்து மட்டும் ஸ்ரீவல்லியின் பங்கு. கல்யாணமான புதிதில் தொடங்கிய வேலை. அவள் கை இழுத்தால் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அந்தக் குரல் கரகரத்தது. படுத்தால் மூச்சு விசிலடித்தது. ஆஸ்துமா என்று நெடுநாள் மருந்து சாப்பிட்டார். கடைசியில் சென்னையில் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழாயில் கட்டி என்றார்கள். அபூர்வமான புற்றுநோய். மெதுவாக வளரும், நரம்பை ஒட்டியே ஊர்ந்து போகும், முழுசாக அறுத்தெடுக்க முடியாத இடம். பிழைப்பாரா என்று ஸ்ரீவல்லி கேட்டாள். நூற்றில் இத்தனை பேர் என்று சொல்லுமளவுக்கு இந்த நோயாளிகளை யாரும் பார்த்ததில்லை என்றார் டாக்டர். கதிர்வீச்சு கொடுத்தால் பல வருஷம் தாங்கலாம், பிறகு நுரையீரலில் தலைகாட்டவும் செய்யலாம். குரலைப் பற்றி அவர் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்து, கணக்குப் போட்டு, கதிர் எங்கே படவேண்டும் என்று கழுத்தில் ஊதா மையால் கோடுகள் இழுத்து அனுப்பினார்கள். அங்கே தண்ணீர் படக்கூடாது, திருமண்ணும் கூடாது. கழுத்து வெறிச்சென்று இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டே ரங்கநாத் தினமும் சிகிச்சைக்குச் சென்னை பஸ் ஏறினார்.

நடுவில் அமாவாசை வந்தது. தர்ப்பணத்துக்குத் தலைமுழுகாமல் எப்படி? முழுகினார். கோடுகள் பாதி கரைந்துவிட்டன. இதற்காகப் போய் அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று ஸ்ரீவல்லி ஊதா ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். வலப்பக்கக் கோடு ஒரு மாதிரி சரிந்து கிடந்தது. இடப்பக்கக் கோடு மேலேயே நின்றுவிட்டது. பாவம், அவசரத்தில் போட்டிருப்பார்கள் என்று நினைத்து இரண்டு பக்கத்தையும் சமமாக, அழகாகத் திருத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவரை மெஷினுக்கு அடியில் படுக்கவைப்பவர் தனசேகரன், வாலாஜாபாத்துக்காரர். கழுத்தைப் பார்த்தார், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், வெளியே வந்தார்.

"யாரும்மா இந்தக் கோட்டைப் போட்டது?"

"நான்தான். கோணலா இருந்துது, சரி பண்ணினேன்."

அவர் போய் டாக்டரைக் கூட்டிவந்தார். கட்டி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதற்குப் பின்னாலேயே தண்டுவட நரம்பு, அதை ஒதுக்கிவிட்டுப் போகத்தான் அந்தச் சரிவு என்று டாக்டர் விளக்கினார். இந்தக் கோட்டின்படியே தொடர்ந்து கொடுத்திருந்தால் பின்னாளில் கால் விளங்காமல் போயிருக்கலாம். மறுபடி எக்ஸ்ரே, மறுபடி கணக்கு. சிகிச்சை நின்றிருந்த நாட்களில் ஸ்ரீவல்லி கணவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

புதுக் கோடு போட்ட அன்று தனசேகரனே அவளிடம் வந்தார். "பெருமாளுக்கு நேரா போட்டுக்கினு இரும்மா. எங்களுக்குக் கோணலாவே இருக்கட்டும்."

ரங்கநாத் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

பிழைத்தார், நடந்தார். குரல் திரும்பவில்லை. கதிர்வீச்சுக்குப் பிறகு எச்சில் ஊறாததால் சின்னத் தண்ணீர் பாட்டிலோடு போய், கோஷ்டியின் கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைத்தார். முதல் நாள் அதைப் பார்த்து ஸ்ரீவல்லிக்குக் கண் நிறைந்தது. பெருமாளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று அவர்தான் அவளைத் தேற்றினார். தோல் ஆறியதும் பன்னிரண்டும் திரும்பி வந்தன. தினமும் காலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, "கோணலாப் போடு ஸ்ரீவல்லி, அதுலதான் என் ஆயுசு இருக்கு" என்பார். சரி என்பாள். நேராகத்தான் போடுவாள்.

பதினோரு வருஷம் கழித்து, டாக்டர் அன்று சொன்னபடியே, நோய் நுரையீரலில் வந்தது. போன் வந்த அன்று விடிகாலையில் அவருக்கு மூச்சு முட்டியது. ஸுதர்சன் கார் கொண்டுவருவதற்குள், நின்று நின்று, தானே திருமண் இட்டுக்கொண்டார். ஸ்ரீவல்லி கஞ்சியும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொண்டு மத்தியானம் வருவதாக ஏற்பாடு. பின்கழுத்தில் இட அவள் திருமண் கிண்ணத்தோடு வருவதற்குள் அவரைக் காரில் ஏற்றிவிட்டார்கள்.

"வந்து இட்டுக்கறேன்" என்றார் ரங்கநாத்.

போனை வைத்துவிட்டு அவள் திரும்பியபோது கிண்ணத்தில் குழைத்த திருமண் காய்ந்து வெடித்திருந்தது. அன்று பதினொன்றுதான் இட்டிருந்தது. பின்கழுத்து பாக்கி.