ஆயிரத்து நானூற்று அறுபத்தெட்டு

முன்னறையிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. சமையலறையில் கோழிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த அருள்மேரியின் கை அப்படியே நின்றது.

கம்ப்யூட்டரில் சதுரங்கக் காயை ஒரு கட்டத்தில் வைக்கும்போது எழும் சத்தம் அது. பதினான்கு மாதமாக அவள் காதில் குடியிருக்கும் சத்தம். முன்னறையில் அவள் கணவன் இன்னாசிமுத்துவும், அவனோடு வேலை பார்க்கும் திம்மப்பனும் இருந்தார்கள். திம்மப்பன் பாகலூர்க்காரன், நாற்பது வயதுக்காரன், அவர்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருந்தான் இன்னாசிமுத்து. விருந்தாளி பொழுது போகாமல் ஆடிப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று அவள் மறுபடி கரண்டியைப் பிடித்தாள்.

டொக். சற்று நேரம் கழித்து இன்னொரு டொக். அவளை அறியாமல் மனம் எண்ண ஆரம்பித்தது. எதிராளி யோசித்து யோசித்து வைப்பது தெரிந்தது. ஒரு தடவை இருபது எண்ணும் நேரம், ஒரு தடவை நூறைத் தாண்டியும். ஆனால் அதற்கு இந்தப் பக்கத்திலிருந்து விழும் பதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் சரியாக நான்கில் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, டொக்.

மனிதர்கள் அப்படி ஆடுவதில்லை. கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின்தான் அப்படி அடிக்கும்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். கோபத்தோடு போகிறவள் அடுப்பை அணைத்துவிட்டா போவாள் என்று கேட்கலாம். அருள்மேரி அப்படித்தான் போவாள். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

அவள் எலத்தகிரியில் பிறந்தவள். பள்ளி விடுதியில் கன்னியாஸ்திரிகள் வைத்திருந்த பழைய சதுரங்கப் பலகையில் ஆடப் பழகினாள். அதில் ஒரு யானை தொலைந்துபோய், அதற்குப் பதிலாக நூல்கண்டுக் கட்டை ஒன்று நிற்கும். பிறகு படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆனது, மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு அமைந்தது, சிப்காட்டில் இருசக்கர வண்டிக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. சதுரங்கம் எங்கோ போய்விட்டது. இரண்டாயிரத்து ஆறில் இன்னாசிமுத்து ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பிராட்பேண்ட் இணைப்பு வாங்கினான். அதில்தான் அது திரும்பி வந்தது.

வந்த வேகத்தில் அவளை மண்ணைக் கவ்வ வைத்தது. அந்தத் தளத்தில் சேருகிறவர்களுக்கு ஆயிரத்து இருநூறு புள்ளி கொடுத்து ஆரம்பிப்பார்கள். அவளுடையது ஒரே மாதத்தில் எண்ணூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது. நாற்பது ஆட்டத்தில் முப்பத்தேழு தோல்வி. எங்கோ ரஷ்யாவில் இருக்கும் பத்து வயசுப் பிள்ளையிடம் தோற்பதற்கா கரண்ட் பில் கட்டுகிறோம் என்று இன்னாசிமுத்து சிரிப்பான்.

அவள் சிரிக்கவில்லை. கம்பெனியில் பழுதான பாகம் ஒன்று கிடைத்தால் என்ன செய்வாளோ, அதையே இங்கும் செய்தாள். அங்கே பழுதான பாகத்துக்குச் சிவப்பு டேக் கட்டி, ஒரு நோட்டில் ஏற்றி, ஏன் என்று ஐந்து தடவை கேட்டு எழுத வேண்டும். ஐந்தாவது ஏனில்தான் உண்மையான காரணம் இருக்கும். அவளும் ஒரு நீள நோட்டு வாங்கி, தோற்ற ஆட்டங்களை ஏற்றத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் இப்படி இருக்கும்:

ராணி போச்சு. ஏன்? அவங்க குதிரையைப் பார்க்கலை. ஏன்? என் தாக்குதலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஏன்? சீக்கிரம் முடிக்கணும்னு நினைச்சேன். ஏன்? எழுந்து போக வேண்டியிருந்தது. ஏன்? பாலை அடுப்பில் வச்சுட்டு வந்தேன்.

அன்றிலிருந்து அடுப்பை அணைக்காமல் அவள் சமையலறையைத் தாண்டியதில்லை.

நோட்டு வளர வளர அவளுடைய பிழைகளுக்கு ஒரு முகம் தெரிந்தது. செகண்ட் ஷிப்ட் முடிந்து நடுராத்திரியில் ஆடியவை அத்தனையும் தோல்வி. அந்த வாரங்களில் கம்ப்யூட்டரைத் தொடுவதை விட்டாள். ஐந்து நிமிட ஆட்டத்தில் கைதான் ஓடுகிறது, தலை ஓடுவதில்லை. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, அரை மணி நேர ஆட்டம் என்று வைத்துக்கொண்டாள். எதிராளி காயை நகர்த்தியதும் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இவங்க இதை எதுக்கு வச்சாங்க என்று வாய்விட்டுக் கேட்பாள். ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும் மிஞ்சுகிற ஆட்டங்களை அட்டைப் பெட்டியில் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையை வைத்து நகர்த்திப் பார்ப்பாள். தொள்ளாயிரம், ஆயிரத்து நூறு, ஆயிரத்து முன்னூறு. நடுவில் இரண்டு தடவை சறுக்கி விழுந்து எழுந்து, பதினான்காவது மாதம் ஆயிரத்து நானூற்று அறுபத்தெட்டில் வந்து நின்றாள். ஆயிரத்து ஐந்நூறுக்கு இன்னும் முப்பத்திரண்டு புள்ளி.

அந்த நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்தவள் டெல்மா. பிலிப்பைன்ஸ்காரி. அவளும் ஏதோ எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவள். முகம் தெரியாது, பெயரும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொடியும், ஆள் இருக்கும்போது எரியும் ஒரு பச்சைப் புள்ளியும்தான். ஈஸ்டருக்கு வாழ்த்து அனுப்புவாள். அவளிடம் அருள்மேரி பத்தொன்பது ஆட்டம் ஆடியிருந்தாள். பதினேழு தோல்வி, இரண்டு சமன். ஆயிரத்து ஐந்நூறைவிட, டெல்மாவை ஒரு தடவை ஜெயிக்க வேண்டும் என்பதைத்தான் அவள் மனசுக்குள் பொத்தி வைத்திருந்தாள். இருபதாவது ஆட்டத்துக்கென்று நோட்டில் ஒரு பக்கத்தைக் கோடு போட்டுக் காலியாக வைத்திருந்தாள்.

இப்போது அவள் முன்னறை வாசலில் நின்று பார்த்தது அந்த ஆட்டத்தைத்தான்.

மேசையில் வீட்டுக் கம்ப்யூட்டர். பக்கத்தில் திம்மப்பனின் கம்பெனி லேப்டாப். டெல்மா வைக்கிற காயை அவன் லேப்டாப்பில் வைத்தான். அதிலிருந்த செஸ் புரோகிராம் ஒரு பதிலைக் காட்டியது. அதைப் பார்த்து இங்கே வைத்தான். டொக். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி இன்னாசிமுத்து கிரிக்கெட் பார்ப்பவனைப் போல் குனிந்து நின்றான். திரையில் ஆடுபவர் என்ற இடத்தில் அருள்மேரியின் பெயர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் டெல்மா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாள். திரையில் வெற்றி என்று வந்தது. அடுத்த நிமிடம் டெல்மாவிடமிருந்து எளிய ஆங்கிலத்தில் ஒரு செய்தி. அருள்மேரி எழுத்துக் கூட்டாமல் படிக்கக்கூடிய ஆங்கிலம்தான். 'மேரி, இந்த நாளுக்காக நானும் காத்திருந்தேன். உன்னிடம் தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. எவ்வளவு உழைத்திருப்பாய் நீ.'

அந்தக் கடைசி வரி அவள் நெஞ்சில் கொள்ளிக்கட்டையாக இறங்கியது.

இன்னாசிமுத்து அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் திருட்டு முழி இல்லை; பிறந்தநாள் பரிசைக் காட்டப்போகிறவனின் பூரிப்பு இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சந்தோஷமாகவே எல்லாவற்றையும் கொட்டினான். அடுத்த மாதம் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குள் சதுரங்கப் போட்டி. தொழிலாளர் குடும்பத்துப் பெண்களும் ஆடலாம். அணியின் சிறந்த ஆட்டக்காரருக்கான முதல் போர்டில் உட்கார இன்டர்நெட்டில் ஆயிரத்து ஐந்நூறு இருக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை படிவம் கொடுக்கக் கடைசி நாள். அவனோ மூன்று வாரத்துக்கு முன்பே கேன்டீனில், என் வீட்டுக்காரி ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிட்டா என்று சொல்லிவிட்டிருந்தான். இந்த வாரம் அவளுக்குச் செகண்ட் ஷிப்ட். கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டாள். சாயங்காலங்களில் திம்மப்பனைக் கூட்டிவந்து பத்து ஆட்டம், இன்றைக்கு ஒன்று. பதினொன்றும் வெற்றி.

"ஆயிரத்து ஐந்நூத்தி அம்பத்தி மூணு மேரி. சாப்பிட்டப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அருள்மேரி அலமாரியிலிருந்து நீள நோட்டை எடுத்துவந்தாள். கோடு போட்டுக் காலியாக வைத்திருந்த பக்கத்தை விரித்துத் திம்மப்பன் முன்னால் வைத்தாள். சிவப்புப் பேனாவை அதன் மேல் வைத்தாள். திரையோரத்தில் வரிசையாக ஏறியிருந்த நகர்த்தல்களை மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"பதினெட்டாவது மூவ்ல குதிரையைச் சும்மா தூக்கிக் குடுத்திருக்கீங்க. ஏன்?"

திம்மப்பன் இன்னாசிமுத்துவைப் பார்த்தான். "அது கம்ப்யூட்டர் சொல்லுச்சு சிஸ்டர்."

"ஏன் சொல்லுச்சு?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாம எப்படி எழுதறது? இதுல காரணம் இல்லாம ஒரு கேம் ஏத்தினதில்ல நான். சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"சிஸ்டர், பேஜார் பண்ணிக்காதீங்க. நாலு பாயிண்டுக்கு யாராவது இவ்ளோ..."

"விடு மேரி," என்றான் இன்னாசிமுத்து. "வீட்டுக்கு வந்த மனுஷனை நிக்க வச்சுக் கேள்வி கேக்கற. உனக்காகத்தானே பண்ணோம். முப்பத்திரண்டு பாயிண்ட்தான். எப்படியும் நீ எடுக்கப்போறதை ஒரு வாரம் முன்னாடி எடுத்தோம், அவ்ளோதான்."

அதுவரை மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தவளின் குரல் அப்போதும் உயரவில்லை.

"போன வருஷம் எங்க சூப்பர்வைசர் என்ன பண்ணச் சொன்னாருன்னு ஞாபகம் இருக்குதா உங்களுக்கு?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. பழுதான பிரேக் பாகங்கள் ஒரு பெட்டி நிறைய. லாரி வாசலில் நிற்கிறது, எல்லாம் சரி என்று பச்சை டேக் கட்டி அனுப்பு என்றார் அவர். அவள் கட்டவில்லை. அதற்காக மூன்று மாதம் தொடர்ந்து செகண்ட் ஷிப்டில் போட்டார்கள். அந்த மூன்று மாதமும் ஷிப்ட் முடிந்து பஸ் இறங்கும் இடத்தில் இன்னாசிமுத்து சைக்கிளோடு வந்து நின்றான். என் பொண்டாட்டி கையால பச்சை டேக் விழுந்தா அது பத்தரைமாத்துத் தங்கம் என்று தெருவெல்லாம் சொன்னான்.

"அவரு அந்நியரு. வேலையை மட்டும் கெடுக்கப் பார்த்தாரு. கட்டமாட்டேன்னு சொன்னேன், ஷிப்டை மாத்துனதோட வுட்டுட்டாரு. நீங்க என் பேருலயே கட்டியிருக்கீங்க. நான் இல்லாத நேரத்துல." அவள் மூச்சு வாங்கினாள். "தோத்தது பதினேழும் என்னுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்லுவேன் நான். இந்த ஒண்ணு யாருதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? உங்களுக்கு நான் எடுப்பேன்னு நம்பிக்கை இல்ல. அதை மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தாக்கூட வலிச்சிருக்காது."

இன்னாசிமுத்துவின் பூரிப்பு வடிந்து, முகம் வெளுத்துப்போயிற்று.

அவள் திம்மப்பன் பக்கம் திரும்பினாள். லேப்டாப்பை மூடச் சொன்னாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வரும். பிழையில்லாமல் எழுத வராது. ஆகவே அவனே எழுத வேண்டும் என்றாள். முதலில் டெல்மாவுக்கு: இந்த ஆட்டத்தை மேரி ஆடவில்லை, திம்மப்பன் என்கிற நான் ஒரு புரோகிராமை வைத்து ஆடினேன், மன்னிக்கவும். பிறகு அந்தத் தளத்தை நடத்துகிறவர்களுக்கு: இந்த வாரம் நடந்த பதினொரு ஆட்டமும் பொய்.

திம்மப்பனின் விரல்கள் மவுஸிலேயே இருந்தன. "அவங்களுக்குச் சொன்னா பாயிண்டை மட்டும் எடுக்கமாட்டான் சிஸ்டர். அக்கவுண்டையே மூடிடுவான். ரூல் அப்படி. உங்க பழைய கேம் எல்லாம் போயிரும்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. பதினான்கு மாதம். முந்நூற்றுப் பதினொரு உண்மையான ஆட்டங்கள். எண்ணூற்றுத் தொண்ணூறிலிருந்து நகம் பதித்து ஏறிவந்த ஒவ்வொரு படியும் அந்தத் திரைக்குள்தான் இருந்தது. அவள் கண்கள் நிறைந்தன. புடவைத் தலைப்பால் துடைக்கவில்லை. வழியட்டும் என்று விட்டாள்.

"வேணாம் மேரி," என்றான் இன்னாசிமுத்து. இப்போது கெஞ்சினான். "யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே," என்றாள். "எழுதுங்க."

திம்மப்பன் எழுதினான். ஒவ்வொரு வார்த்தையையும் தோளுக்கு மேலிருந்து படித்தாள். தன் பெயரைச் சுருக்கி ஒற்றை எழுத்தாகப் போட்டிருந்தான். முழுப் பெயரையும் போடச் சொன்னாள். முதல் செய்தி போனது. மூவரும் திரையைப் பார்த்திருந்தார்கள். பதில் வரவில்லை. ஒரு நிமிடம் கழித்து டெல்மாவின் பெயருக்குப் பக்கத்திலிருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. ஷிப்டுக்குக் கிளம்பினாளோ, மனம் கசந்து போனாளோ, யார் கண்டது? அருள்மேரி அந்த அணைந்த இடத்தையே பார்த்தாள். பிறகு இரண்டாவதையும் அனுப்பச் சொன்னாள்.

மேசையில் கிடந்த போட்டிப் படிவத்தில் இன்னாசிமுத்து முன்கூட்டியே ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தான். அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தாள். பக்கத்தில் ஆயிரத்து நானூற்று அறுபத்தெட்டு என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினாள். "முதல் போர்டு இல்லாட்டி கடைசி போர்டு குடுக்கட்டும். அதுவும் இல்லன்னா வேணாம். கேன்டீன்ல என்ன சொல்லணுமோ அதை நீங்களே சொல்லிக்கங்க."

அவன் படிவத்தை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். தலை நிமிரவில்லை.

திம்மப்பன் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். செருப்பை மாட்டும்போது கோழிக் குழம்பின் வாசனை வாசல்வரை வந்து நின்றது. அவன் கொஞ்சம் தயங்கினான். கல்யாணமாகி இந்தப் பதினொரு வருஷத்தில் அந்த வீட்டுக்குச் சாப்பிட வந்த ஒருவரும் பசியோடு இறங்கியதில்லை. உட்காருங்க என்று அவள் சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தான். சொல்லாமல் இருப்பது அவளுக்கும் லேசாக இல்லை.

"வரேன் சிஸ்டர்," என்றான்.

போய்ட்டு வாங்க என்று வழக்கமாக வரும் வார்த்தை வரவில்லை. அவன் ஸ்கூட்டரைக் கிளப்பித் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.