மன்னிப்புக் கேட்காத இருவர்

நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. ஒரு கால் லேசாக விரிசல் விட்டிருக்கும். தட்டாஞ்சாவடியில் மருந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் கம்பெனியில், எங்கள் லைன் முழுவதற்கும் இருந்தது அது ஒன்றுதான். ஷிப்ட் முடியும்வரை நின்றபடியே வேலை. யாருக்கு முடியவில்லையோ அவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம்.

அந்த வாரம் இரண்டு பேருக்கு முடியவில்லை. ஒருத்தி நான்; பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து முழங்கால் வீங்கிப்போயிருந்தது. இன்னொருத்தி உப்பளத்துக்காரி. உப்பளம் பக்கத்திலிருந்து வருகிறவள் என்பதால் லைனில் அவளுக்கு அதுதான் பேர். ஆறு மாதக் கர்ப்பம். வெடுக்கென்று பேசுகிறவள், அவளோடு எனக்கு முன்பிருந்தே ஆகாது. அன்று காலை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ்டூலைப் பிடித்தோம். "வுடுடி" என்றாள். "நீ வுடு" என்றேன். இழுத்த இழுப்பில் ஒரு பாட்டில் பெட்டி சரிந்து உடைந்தது. அவள் நகம் பட்டு என் கையில் ரத்தம் வந்தது.

மேனேஜர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை, புன்னகைத்தார். அவருக்கு முன்னால் நாங்கள் நின்றோம். "ஒரே குடும்பமா இருக்கற எடத்துல சண்ட என்னம்மா? சாரி சொல்லி கை குடுங்க. ஸ்டூல எடுக்கச் சொல்லிட்டேன். இனிமே அந்தப் பிரச்சனையே வராது" என்றார்.

நான் கையை நீட்டத் தயாராகத்தான் இருந்தேன். வேலை போய்விடக்கூடாது என்ற பயம். அவள் நீட்டவில்லை.

"இவ மேல எனக்குக் கோவம் இருக்கு சார். அது எங்களுக்குள்ள. அத நாங்க பாத்துக்கறோம். ஸ்டூல எதுக்கு எடுத்தீங்க?"

"அதாலதான சண்ட?"

"ஒண்ணே ஒண்ணு இருந்ததால சண்ட. எல்லாருக்கும் போட்டிருந்தா எதுக்கு சண்ட?"

மேனேஜரின் புன்னகை போய்விட்டது. இஷ்டமில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் போகவில்லை. மேஜையைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, அவர் அறையின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஸ்டூல் வந்தா எந்திரிக்கறேன்."

இத்தனை வருடம் கழித்து யோசித்தாலும் அந்தக் கணத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. அவள் மேல் இரக்கம் வரவில்லை; கை எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வீங்கிய காலை நீட்டி நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் தள்ளி குந்து" என்றாள்.

கண்ணாடி வழியாக லைனில் இருந்தவர்கள் பார்த்தார்கள். முதலில் ஒருத்தி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்கள். மெஷின் ஓடியது, பாட்டில்கள் வந்து குவிந்தன, எடுக்க ஆளில்லை. மதியம் முதலாளியே நேரில் வந்தார். மேனேஜரை வெளியே போகச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார். எல்லோருக்கும் ஸ்டூல் போடுவதாக அவர் சொன்ன பிறகுதான் எழுந்தோம். அடுத்த வாரம் ஆளுக்கொரு ஸ்டூல் வந்தது. உப்பளத்துக்காரியை மட்டும் பழிவாங்கப் பார்த்தார்கள். பிரசவம் முடிந்து வந்தவளிடம் இடமில்லை என்றார்கள். அவளை உள்ளே விடும்வரை நாங்கள் யாரும் கேட்டைத் தாண்டி வேலைக்குப் போகவில்லை.

போன மாதம் கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு. வேலை செய்யும் இடத்தில் சண்டையைத் தீர்ப்பது எப்படி என்று சொல்லித்தர வெளியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். பழைய மனக்கசப்பு உள்ளவர்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேளுங்கள் என்றார். எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்கள்.

"இவகிட்டயா? மாட்டேன்" என்றாள் உப்பளத்துக்காரி.

"நானும் மாட்டேன்" என்றேன்.

மேடம் முகம் வாடிவிட்டது. "அப்ப உங்க பிரச்சனை தீரவே இல்லையாம்மா?"

"எங்க பிரச்சனை அன்னிக்கே தீந்துடுச்சு மேடம்" என்றாள் அவள். "சண்டதான் பாக்கி. அது இருந்துட்டுப் போவுது."