உயிருக்கு உயிர் கேட்காத மாகாளி

மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. தேடிப் போனபோது வாய்க்கால் ஓரத்தில் வாய் கோணிக் கிடந்தார். தென்னைக்குத் தண்ணீர் அதுபாட்டுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. போன வருஷம் மாசி மாதம் அது. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் கண் திறக்கவே இல்லை. டாக்டரைக் கேட்டால் "பார்க்கலாம்" என்றார்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். உயிர் ஊசலாடினால் மாகாளியம்மனுக்குச் சேவல் நேர்வது எங்கள் வழக்கம். உயிருக்கு உயிர். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என் நாத்தனார், "சேவலை நேந்துக்க அம்மிணி, தாமசம் பண்ணாதே" என்றார். எனக்கு மனம் வரவில்லை. கோயிலில் சேவல் அறுக்கும் நேரத்தில் என் வீட்டுக்காரர் பார்க்கச் சகிக்காமல் மெல்ல நழுவிப் பம்புசெட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வார். அவர் உயிருக்காக அதையே செய்யவா? "ஆத்தா, நான் அறுக்க மாட்டேன். அறுபடப் போகிற கோழிகளைக் கொண்டுவந்து உன் பேரைச் சொல்லி வளர்க்கிறேன். இவரைத் திருப்பிக் கொடு" என்று வேண்டிக்கொண்டேன்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "சாமிகிட்டப் பேரம் பேசறியா? கோழி உசுரோட ஊடு வந்து சேரலீன்னா என்ன பண்ணுவே?"

நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. சாமியிடமும் சண்டை போட்டுத்தான் பழக்கம்.

கஞ்சிக்கோட்டுக்கு உள்ளே ஒரு முட்டைக் கோழிப் பண்ணை. முட்டை நின்றுபோன கோழிகளைக் கறிக்கு அனுப்புகிறார்கள் என்று என் தம்பி செந்தில் விசாரித்து வந்தான். நாத்தனாரை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லிவிட்டு, அவன் காரிலேயே போனோம். கூண்டுக்குள் அந்தக் கோழிகளைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். கழுத்தில் இறகே இல்லை. கொண்டை வெளுத்துத் தொங்கியது. பிறந்ததிலிருந்து மண்ணை மிதித்ததில்லையாம்.

"காலைக் கட்டித் தூக்கிறாதீங்க. எலும்பு பொசுக்குனு ஒடிஞ்சிருமுங்க" என்றார் பண்ணைக்காரர். ஒவ்வொன்றாக அணைத்து எடுத்தோம். முப்பது கோழிகள். பின்சீட்டை மடக்கி, தக்காளிப் பெட்டிகளில் வைக்கோல் பரப்பி உட்காரவைத்தோம்.

வெயில் கொளுத்தியது. கீரையோ வெற்றிலையோ, சந்தைக்குப் போனால் வாடாமல் இருக்க ஈரச் சாக்குப் போடுகிறவர்கள் நாங்கள். அதே நினைப்பில் சாக்குகளைத் தண்ணீரில் முக்கி எல்லாப் பெட்டிகளையும் இறுக்கி மூடினேன். லாரிச் சத்தத்துக்கு மிரளக் கூடாது என்று கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன்.

"மூச்சு முட்டாதாக்கா?" என்றான் செந்தில்.

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றேன்.

மேனோன்பாறை போகிற வழியில் கார் சூடேறிப் புகைந்து நின்றது. பக்கத்தில் நிழல் இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. செந்தில் தண்ணீர் தேடிக் கேனோடு ஓடினான். நான் பின்கதவைத் தூக்கினேன். சாக்குக்கு அடியில் கோழிகள் இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம். ஓரத்தை விலக்கினால் ஒன்று கழுத்துத் தொங்கிச் செத்துக் கிடந்தது. இன்னொன்று நான் எடுத்து மடியில் வைத்ததும் அடங்கிப்போனது. பதறிப்போய், குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் சாக்கின்மேல் ஊற்றி மறுபடி போர்த்திவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டேன்.

அப்போதுதான் நாத்தனார் போன் செய்தார். "மூச்சு செரியா வரலையாம் அம்மிணி. மிசின் வெக்கோணுங்கறாங்க."

கோழி செத்ததை அவரிடம் சொல்லவில்லை. இங்கே ஒவ்வொன்றாகப் போகிறது, அங்கே என் வீட்டுக்காரர் போகிறார். நான் பேசிய பேரத்துக்கு ஆத்தா கணக்குத் தீர்க்கிறாள் என்றே நினைத்தேன். ரோட்டோரம் செத்த கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கத்தினேன். "உனக்குக் கண் இல்லையா? தாலி கொடுத்தவளும் நீதானே! ஒரு மழை கொடு. முடியாதென்றால் ஒரு மேகத்தையாவது கொடு. இந்தச் சாக்குக் காயாமல் பார்த்துக்கொள், அது போதும்!"

மழை வரவில்லை. மேகமும் வரவில்லை.

காற்று வந்தது. வாளையார்ப் பக்கமிருந்து பனை ஓலைகளை உலுக்கிக்கொண்டு அடித்த அடியில், மேல் சாக்குகள் எல்லாம் பிய்த்துக்கொண்டு அறுத்த வயலுக்குள் பறந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "இருந்த ஈரத்தையும் பறிச்சுட்டியா, பாவி!" என்று அவளைத் திட்டிக்கொண்டே வயலில் ஓடினேன். தாளடிக் கட்டை காலைக் கிழித்தது. சாக்குகளைப் பொறுக்கிக்கொண்டு, மறுபடி மூட ஓடி வந்தேன்.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் கால் நின்றுவிட்டது. சாய்ந்து கிடந்த கோழிகள் கழுத்தைத் தூக்கிக் காற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு பெட்டியில் மட்டும் சாக்கு பறக்காமல் சிக்கியிருந்தது. அதிலிருந்தவை இன்னும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சாக்குக்குள் கையை விட்டேன். இட்லிக் குண்டானைத் திறந்தது போல ஆவி அடித்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவற்றை வேகவைத்துக்கொண்டிருந்தது நான்.

அந்தச் சாக்கையும் பிடுங்கி எறிந்தேன். நாலு கதவையும் திறந்துவிட்டேன். செந்தில் தண்ணீரோடு வந்து, "சாக்கெல்லாம் எங்கக்கா?" என்றான்.

"ஆத்தா எடுத்துட்டாடா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மெதுவாகப் போய், இருபத்தெட்டு உயிர்களோடு வீடு சேர்ந்தோம். இறந்த இரண்டையும் வேப்பமரத்தடியில் புதைத்தேன். அவை என் அறியாமையால் போனவை. ஆத்தா கேட்டு வாங்கியவை அல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் நாத்தனாரே கூப்பிட்டார். "மிசின் வேண்டாம்னுட்டாங்க. மூச்சு அவரே உடறாரு அம்மிணி" என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார். அங்கே மூச்சு சீரான நேரமும் இங்கே காற்று அடித்த நேரமும் ஒன்றுதானா என்று பலர் கேட்டுவிட்டார்கள். நான் விசாரிக்கவில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை.

அவர் கண் திறந்தார், வீட்டுக்கும் வந்தார். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு வலது கை இன்னும் எழவில்லை. பல மாதம் பேச்சே வரவில்லை. ராத்திரி ராத்திரியாக அழுதிருக்கிறேன். கோழிகளுக்கு இறகு முளைத்தது, இவருக்கு வாய் திறக்கவில்லையே என்று அவளிடம் மறுபடியும் சண்டை போட்டேன். ஒரு நாள் காலையில் வாசலில் "பா... பா... பா..." என்று சத்தம் கேட்டது. அடுப்பை அப்படியே விட்டு ஓடினேன். இடது கையில் சோளத்தை வைத்துக்கொண்டு அவர் கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் அவரைப் பார்த்து ஓடி வந்தன.

என்னைப் போலத் தவிப்பில் இருக்கிறவர்களே, அவளிடம் கேளுங்கள். கேட்டதைக் கொடுக்காமல் கையில் இருப்பதையும் அவள் பறித்தால், துரத்திக்கொண்டு ஓடுங்கள், வாய்விட்டுத் திட்டுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் பறித்ததைத் திரும்பப் போர்த்துவதற்கு முன்னால், அடியில் எது மூச்சு விடுகிறது என்று ஒரு தரம் பாருங்கள்.