மாமனார் அழுத படம்

அந்த வீட்டில் பஸ் ஓட்டுபவள் மனைவி, அதே பஸ்ஸில் கண்டக்டர் கணவன். டிப்போவில் அவளை டிரைவரம்மா என்பார்கள், அவனைச் சமாதானம் என்பார்கள். ஜன்னல் சீட்டுக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றால், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவான்.

அவனுடைய அப்பா பீரங்கிப் படையில் இருந்தவர். சண்டை ஓய்ந்து எத்தனையோ வருடமாகியும் அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. யாரும் கேட்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதே சண்டையில் ஆற்றங்கரைக் குடியிருப்பில் குண்டு விழுந்தபோது டிரைவரம்மாவின் தம்பி செத்துப்போனான். அதையும் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பெரியவருக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் உயிர். ஓர் அதிகாரி உத்தரவு போட்டு ஊரையே எரிக்கிறார். பிறகு படம் முழுக்க மழையில் நடக்கிறார், நிற்கிறார், மறுபடி நடக்கிறார். டிவியில் அதைப் போடும்போதெல்லாம் வீடு வாயைப் பொத்திக்கொள்ளும். பெரியவர் அழுவார். மகன் தோளைத் தடவுவான். மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காலை ஷிப்ட் முடிந்த அலுப்பில், அவளும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாள். அதிகாரியின் முகத்தை அங்குலம் அங்குலமாகக் காட்டினார்கள். எரிந்த ஊர் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. ஓடுகிற ஒரு பெண்ணின் முதுகு, அவ்வளவுதான்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தங்கரைப் பக்கம் நாங்க சுட்டப்பவும் இப்படித்தான் மழை" என்று முணுமுணுத்தார்.

அவள் எழுந்து டிவியை அணைத்தாள்.

"என் தம்பி அங்கதான் செத்தான்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

தெரியும் என்று தலையசைத்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதே தெரியுமாம். சமாதானம் குறுக்கே புகுந்து, அப்பாவும் இத்தனை காலம் உள்ளுக்குள் வெந்துகொண்டுதானே இருக்கிறார் என்று இழுத்தான். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அந்தப் பேச்சிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"இவர் வேகுறார்னு நான் டீ போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன். என் தம்பிக்கு மட்டும் நான் கதவைச் சாத்திக்கிட்டு அழுதிருக்கேன்."

பெரியவர் தட்டுத்தடுமாறி எழுந்து மன்னிப்புக் கேட்டார். அதுதான் அவள் கோபத்தை இன்னும் மூட்டிவிட்டது.

"மன்னிக்கிற வேலையும் என் தலைலதானா? அவனைப் பெத்தவ உசிரோட இருக்கா. அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. அழாம சொல்லுங்க."

அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. பிறகு ஒரு காலையில் பெரியவர் சவரம் செய்துகொண்டு, தனியாக அவள் பஸ்ஸில் ஏறினார். மகன் அப்பா முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கொடுத்தான். தன் அம்மா வீட்டு நிறுத்தத்தில் அவள் பஸ்ஸை நிறுத்தினாள். அவர் கம்பியைப் பிடித்து இறங்கும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததை அம்மா பிறகுதான் சொன்னாள். உட்காரச் சொல்லவில்லையாம். பாதியில் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அழுது முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று அம்மா துணி உலர்த்தப் போய்விட்டாள். திரும்பி வந்து, பீரங்கி எந்தத் திசையில் நின்றது என்று கேட்டிருக்கிறாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். சரி, போங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே டிரைவரம்மா தம்பியின் படத்தைக் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள், யாரையும் கேட்கவில்லை. டிப்போவில் சொல்லி வேறு கண்டக்டரைப் போட்டுக்கொண்டாள். கோபம் தணிந்ததா என்று சமாதானம் ஒருமுறை மெதுவாகக் கேட்டான்.

"அப்பாவாவது வாயைத் திறந்தார். நீ எப்போ திறக்கப்போற?" என்றாள்.