இருபத்தெட்டு அங்குலத்திலிருந்து இறங்கி வந்தவன்

டிரம்ஸ் வாசிக்கிறவனுடைய தொழிலில் முக்கால்வாசி சுமை தூக்குவது. மிச்ச நேரத்தில்தான் வாசிப்பு. கிற்றார்காரர்கள் தோளில் ஒரு பையோடு வந்து தேநீர் கேட்பார்கள். நாங்கள் அப்போதும் மூன்றாம் மாடிப் படியில் நின்று மூச்சு வாங்குவோம். ஏறியவர்களுக்குத் தெரியும்.

போன கிழமை எங்கள் இசைக்குழுவை நடத்தும் மொரிஸ் வெள்ளவத்தையில் என் அறைக்கே வந்தான். கீபோர்ட் வாசிப்பவன், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கல்யாண மண்டபங்கள் மாடிக்கு மேல் மாடியாகப் போய்விட்டன, மேடையும் சிறுத்துவிட்டது என்று சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தான். "அண்ணே, வாற சனிக்கிழமையிலயிருந்து எலெக்ட்ரோனிக் பேட் ஒண்டு வைக்கப் போறம். உங்கட செட்டக் கொண்டுவர வேணாம்."

செட் வேண்டாம் என்றான். நான் வேண்டுமா என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவன் போன பிறகு டிரம்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றின் அளவுக்கும் ஒரு காரணம் இருந்தது.

மூன்று பேரின் வேலை

கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பவனிக்கு ஒரு வாத்தியக் குழு இருந்தது. பெரிய டிரம்மை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஒருவர், சின்ன டிரம்முக்கு ஒருவர், தாளத்தட்டுக்கு ஒருவர். உலகத்தில் டிரம்ஸ் செட்டே இப்படித்தான் பிறந்ததாம். மூன்று பேர் நடந்து அடித்ததை, காலால் மிதிக்கிற பெடல் வந்ததும் ஒரே ஆள் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கிவிட்டான். இதெல்லாம் பின்னால் புத்தகத்தில் படித்தது. எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. இருபது வயதில் யாரோ கழித்துவிட்ட பெடல் ஒன்று கையில் கிடைத்தது. கோயிலின் இருபத்தெட்டு அங்குல டிரம்மில் பூட்டினேன்.

அந்த டிரம்மைப் பல வருஷமாகச் சுமந்தவர் துறைமுகத்தில் வேலை செய்த சவரி அங்கிள். ஒத்திகையில் ஒரு பாட்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இனி நான் வரத் தேவயில்ல, அப்படித்தானே தம்பி?"

முதுகு

பவனி டிரம்முக்குக் கால் கிடையாது. நெஞ்சில் தொங்குவதற்குக் கால் எதற்கு? அதை நான் யோசிக்கவில்லை. திருநாள் கச்சேரியில் நான் மிதிக்க மிதிக்க அது முன்னால் நகர்ந்தது. இரண்டாம் பாட்டில் டிரம் மேடை விளிம்பில், நான் ஸ்டூலின் நுனியில், இரண்டுக்கும் நடுவில் என் கால் நீட்டி நிமிர்ந்தபடி. சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

கூட்டத்திலிருந்து சவரி அங்கிள் ஏறி வந்தார். டிரம்மைப் பின்னால் தள்ளி, அதன் முன்னால் கதிரை போட்டு, முதுகை டிரம்மில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். கடைசிப் பாட்டு வரை அசையவில்லை. இன்றைக்கு 'பேஸ்' என்கிற எல்லாப் பெரிய டிரம்மிலும் முன்பக்கம் இரண்டு இரும்புக் கால் இருக்கிறது; அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் ஞாபகம். முடிந்ததும் முதுகைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இத்தன வருஷம் நெஞ்சில சுமந்தன், இனி முதுகில. நீ அடி."

ஓட்டோ

ஒருமுறை அதே டிரம்மைக் கொம்பனித்தெருவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூன்று ஓட்டோக்காரர் பார்த்த உடனேயே போய்விட்டார்கள். நாலாவது ஆள் ரோஷக்காரன். இறங்கி, சரித்து, திருப்பி, பின் சீற்றில் அதை எப்படியோ திணித்துவிட்டான். பெரிய வெற்றி.

வெளிநாட்டிலும் இதே கதைதானாம். காரில் ஏற்ற வேண்டும், சின்ன மேடையில் வைக்க வேண்டும் என்றே இருபத்தெட்டு இருபத்தாறாகி, இருபத்துநாலாகி, கடைசியில் இருபத்திரண்டில் வந்து நின்றதாம். நான் இருபத்திரண்டுக்கு மாறியதற்குக் காரணம், அன்றைக்கு வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த ஓட்டோக்காரன் கேட்டதுதான்: "சாமான் ஏறிட்டு அண்ணே. இப்ப நீங்க எப்பிடி வாறீங்க?"

பதினைந்து

அந்த இருபத்திரண்டு, வெளிநாடு போன ஒருவரிடமிருந்து இரத்மலானையில் வாங்கிய செட்டில் வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாறு என்று டொம் எனப்படும் சின்ன டிரம்கள் இருக்க வேண்டிய இடத்தில், பதின்மூன்றுக்குப் பதில் ஒரு பதினைந்து. சத்தம் நன்றாக இருந்ததால் பெருமையாக வைத்திருந்தேன், தோல் கிழியும் வரை.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் பதினைந்து அங்குலத் தோல் கேட்டேன். அலுமாரித் தட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு, பதினாறு, எல்லாம் இருந்தது; பதினைந்து மட்டும் இல்லை. ஒரு அளவை எல்லாரும் வாங்குவதால் கடையில் அது இருக்கிறது; கடையில் இருப்பதால் எல்லாரும் அதையே வாங்குகிறார்கள். அளவு நிலைக்கிறதென்றால் இவ்வளவுதான். சிங்களக் கடைக்காரர் நல்ல மனுஷன், எனக்காக இரண்டு பெட்டியைக் கிண்டிப் பார்த்துவிட்டு, 'தம்பி' என்பதை மட்டும் சிங்களத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த தமிழில் சொன்னார்: "மல்லி, தோல் தேட வேணாம். டிரம்ம மாத்துங்க."

சனிக்கிழமை

கல்யாண மண்டபத்துக்கு வெறுங்கையோடு லிஃப்டில் போனது அன்றுதான் முதல் தடவை. எதைப் பிடித்துக்கொண்டு நிற்பதென்று தெரியவில்லை. மேடையில் பேட் தயாராக இருந்தது. ரப்பர் தட்டுகள், ஒரு வயர், முடிந்தது. கிழமை முழுக்க விழுங்கியதைக் கேட்டுவிட்டேன். "அப்ப இனி நான் வரத் தேவையில்லை, அப்படித்தானே மொரிஸ்?"

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. மொரிஸ் வயரைச் சுற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்: "என்ன கத அண்ணே இது? அதுக்குக் கை முளைச்சிருக்கா? போய்க் குந்துங்க."

இருபத்தெட்டு அங்குலத்தில் தொடங்கிச் சாப்பாட்டுத் தட்டளவு ரப்பருக்கு இறங்கியாயிற்று, சுமையும் போயிற்று, இனி அந்த மேடையில் அன்றைய டிரம் போல நழுவி ஓடுவதற்கு என்னைத் தவிர வேறொன்றும் இல்லை.