கொடுத்தவர் பெயர்

கல்லைப் பஸ்ஸின் பின்படியிலிருந்து இறக்கும்போது சாக்கு நழுவியது. கறுப்புக் கல்லில் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. ராசப்பன் ஒரு முனையைப் பிடித்திருந்தார். ஆங்கிலத்தில் தன் பெயரின் முதல் எழுத்து மட்டும் அவருக்கு அடையாளம் தெரியும். அதைக் கண்டதும் பிடி தளர்ந்தது. காலில் போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

புதிதாகக் கட்டியிருந்த துணை சுகாதார நிலையத்தின் சுவரில் கல்லைச் சாய்த்து வைத்தார்கள். நர்ஸ் ஜெசிந்தா சாக்கை விலக்கிவிட்டுத் சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள். அவள் திண்டுக்கல் பக்கத்திலிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவள்.

"உங்க பேருதான் ஐயா. நிலம் கொடுத்தவர் ஜெனரஸ் ராசப்பன்னு இருக்கு."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தாராளமானவர் என்றாள். அத்துடன் விடவில்லை. கல் வெட்டக் கொடுத்தபோது அந்த ஒரு சொல்லை அவளாகச் சேர்த்திருந்தாள். அவருக்கு அவள் தரும் பரிசு அது. அதனால் விளக்கினாள். கேட்பதற்கு முன்பே கொடுப்பவரை அப்படிச் சொல்வார்கள். இலையில் சோறு நிறைய விழுந்தால் அந்தச் சோற்றையும் சொல்வார்கள். அடுத்தவர் செய்த தப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவருக்கும் அந்தச் சொல் உண்டு, பேச்சில் அவ்வளவாக வராது, புத்தகத்தில் வரும் என்றாள்.

முதல் அர்த்தத்துக்கு மேல் ராசப்பன் காதில் எதுவும் விழவில்லை.

எடப்புளி நாடு என்கிற அந்த மலைப்பகுதியில், அவர்கள் ஊரில் பட்டா மூத்தவன் பெயரில் இருக்கும், நிலம் எல்லோருக்கும். அப்பா இறந்தபோது ராசப்பனுக்கு மீசை முளைக்கவில்லை. தம்பி அர்த்தனாரி இடுப்புக் குழந்தை. வளர்ந்த பிறகு, அண்ணன் சாமை விதைத்த துண்டில் அடுத்த வருடம் தம்பி மரவள்ளி நட்டான். வரப்பு போட்டதில்லை. மிளகுக்கொடி ஏறிய மரங்களைக் கையால் காட்டிப் பிரித்துக்கொண்டார்கள். மேல்மூலைப் பலாவில் ஒரு வருடம் காய் அண்ணனுக்கு, ஒரு வருடம் தம்பிக்கு. இது என்னுடையது என்று இருவரும் சொல்லாமலே இவ்வளவு காலம் போயிருந்தது.

அந்த மேல்மூலையைத்தான் சுகாதார நிலையத்துக்குக் கொடுத்தார்கள். கொடுக்கலாம் என்று முதலில் சொன்னவன் அர்த்தனாரி. அவன் மகள் கவிதா மலைப்பாதை வளைவில், சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் லாரியில், மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவே பிறந்தவள். கையெழுத்துப் போட்டது ராசப்பன். ஆபீசுக்குத் தெரிந்தது பட்டாவில் இருந்த பெயர்தான்.

"இந்தக் கல்லு வேண்டாமுங்க நர்சம்மா" என்றார்.

நாளைக்குத் திறப்பு. எழுத்துப் பிழையா என்று ஜெசிந்தா பதறினாள். கட்டடத்துக்குப் பணம் தந்த வெளிமாநிலக்காரர்கள் படிக்கத்தான் ஆங்கிலத்தில் வெட்டியது என்றாள்.

ராசப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"குடுத்தவன் நாந்தான்னு கல்லுல இருந்தா, வெச்சிருந்தவனும் நாந்தான்னு ஆயிருமுங்க. அப்புறம் தம்பி எங்க போவான்?"

தம்பிக்குப் பங்கு உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. அர்த்தனாரி கட்டடத்துக்கு மணல் சுமந்தபோது கூலிக்கு வந்த ஆள் என்று நினைத்திருந்தாள்.

ஆவணியில் கவிதாவுக்குக் கல்யாணம். ராசப்பனுக்கும் மனைவி மாதம்மாளுக்கும் பிள்ளை இல்லை. பெரியப்பனாக முன்னால் நின்று தாலியைத் தொட்டுக் கொடுக்க வேண்டியவர் அவர். தம்பிக்கு மனசு முறிந்தால் வேறொரு பங்காளி நிற்பான். கல்யாணம் நடந்துவிடும்.

சாக்கைப் போட்டு மூடச் சொன்னார். மூடுவதற்குள் அர்த்தனாரி மண்வெட்டியுடன் வந்துவிட்டான். அவன் எட்டாவது வரை படித்தவன். குனிந்து, உதடு அசைய, எழுத்து எழுத்தாகப் படித்தான். ராசப்பன் பலா மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

அர்த்தனாரியும் அர்த்தம் கேட்டான். ஜெசிந்தா இந்த முறை சுருக்கமாகச் சொன்னாள். அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கண்ணா" என்றான், திரும்பாமல். "செம்மேட்டுல வள்ளல் ஓரி செலைக்குப் பக்கத்துல உங்களுக்கும் ஒண்ணு வெச்சிரலாமுங்களா? வில்லுக்கு மூங்கில் நான் வெட்டியாரேன்."

தெரியாமல் போட்டுவிட்டார்கள், எடுத்துவிடச் சொல்லிவிட்டேன் என்றார் ராசப்பன்.

"எதுக்கு எடுக்கறது? வரி ரசீது உங்க பேருலதான் வருது. நானென்ன அதைக் கிழிச்சுப் போட்டுட்டா இருக்கறேன்?" மண்வெட்டியை இறக்கி வைத்தான். "மரத்தை வெட்டாம உட்டாங்களே, அது போதும். இந்த வருசத்துக் காயி என்னுது."

ராசப்பன் மரத்தடியிலிருந்து கல்லருகே வந்தார். அர்த்தனாரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்து முடித்ததும், உன் பெயரும் இருக்க வேண்டும் என்றார். அதை மட்டும் விடவில்லை. கல் வெட்டுகிறவர் கீழே சேந்தமங்கலத்தில் இருந்தார். தடுப்பூசி நாளைச் சுவரில் எழுத வைத்திருந்த சிவப்புப் பெயிண்டை ஜெசிந்தா எடுத்துவந்தாள். ராசப்பன் பெயருக்குக் கீழே இடம் இருந்தது. தமிழிலேயே எழுதச் சொன்னார்கள். அர்த்தனாரி என்று எழுதினாள்.

"அந்த வார்த்தை இவனுக்கும் சேருமுங்களா?" என்று ராசப்பன் கேட்டார்.

சேரும் என்றாள்.

போகும்போது அர்த்தனாரி, புதன்கிழமை கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறோம், அண்ணியை எங்கும் போகாமல் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள் என்றான்.

மறுநாள் அதிகாரிகள் தாமதமாக வந்தார்கள். மூடுபனியில் பெயிண்ட் காயவில்லை. கல்லுக்குப் போட்ட மாலையில் அர்த்தனாரியின் கடைசி எழுத்து ஒட்டிக்கொண்டு போனது. ஜெசிந்தா திரும்ப எழுதினாள். அர்த்தனாரி இரண்டு பலாப்பழம் அறுத்து வந்தவர்களுக்குக் கொடுத்தான். கொட்டைகளை மாதம்மாள் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்கள். கார்கள் போன பிறகு அண்ணனும் தம்பியும் மரவள்ளிக்குக் களை எடுக்கப் போனார்கள்.