சித்தியைத் தூக்கி வைத்த மேடை

சித்தி குத்துவிளக்கு ஏற்றும் படம் இன்னமும் என் போனில் இருக்கிறது. கண்டி நகரத்தில் ஒரு மண்டபம். மேடையில் பிளாஸ்டிக் கதிரை, அதில் சித்தி, தோளில் புதுச் சால்வை. அந்த முகம் சிரிக்கிறதா, கடுகடுக்கிறதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் சித்தியின் கால்கள் இரண்டும் சூம்பிவிட்டன. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், மலைச்சரிவுக்கு நேர் கீழே தனியாக இருக்கிறார். கையால் சுற்றும் தையல் மெஷின்தான் பிழைப்பு. வாய் இருக்கிறதே, அப்பப்பா! போன பெருமழையில் மண் சரியப்போகிறதென்று எல்லோரையும் வெளியேற்றியபோது, தோட்டத்து ஆண்கள் முதலில் தூக்கியது சித்தியைத்தான். அவ்வளவு பிரியம். முகாமாக்கியிருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். கழிப்பறைக்குப் படி இறங்கி, சேற்றைத் தாண்டிப் போக வேண்டும். சக்கர நாற்காலி வீட்டிலேயே கிடந்தது. ஒவ்வொரு தடவையும் யாரையாவது தூக்கச் சொல்ல வெட்கப்பட்டு, சித்தி தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார்.

"சாமியத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போனாங்கடி. சாமிக்குக் கக்கூசு வேணாம். எனக்கு வேணும்ல?" என்றார். இனி மலையே இடிந்து விழுந்தாலும் நகரமாட்டேன் என்று முடித்துவிட்டார்.

அதனால்தான், காலநிலை மாற்றத்துக்கான திட்டத்தில் மாற்றுத்திறனாளிப் பெண்களின் கருத்தும் வேண்டும் என்று எங்கள் அலுவலகம் கூட்டம் வைத்தபோது, கெஞ்சிக் கூத்தாடி சித்தியை அழைத்துவந்தேன். மேடைக்கு நான்கு பேர் கதிரையோடு தூக்கினார்கள். சால்வை, விளக்கேற்றல், கைதட்டல். கலந்துரையாடல் மட்டும் மேல்மாடியில். லிஃப்ட் கிடையாது. "நீங்க இங்கயே இருங்கக்கா, களைச்சுப் போயிருப்பீங்க" என்று ஒரு பெண் தேநீரும் ரோல்ஸும் வைத்துவிட்டுப் போனாள். பாவம், நல்ல பிள்ளை.

மேலே சித்தியின் கதையை நானே சொன்னேன். எல்லோரும் உருகிப்போனார்கள், ஓர் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திட்டம் வெளிவந்தது. மாற்றுத்திறனாளிப் பெண்களை எல்லோருக்கும் முன்னதாக வெளியேற்ற வேண்டும் என்று அதில் அழுத்தமாக எழுதியிருந்தது. கழிப்பறை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான் சொன்ன விதம் தப்பா? அவர்கள் கேட்ட விதமா? யாரோடு சண்டைக்குப் போவது? எல்லோருமே நல்லவர்கள். எனக்குத் தலை சுற்றியது. இன்னும் சுற்றுகிறது.

நேற்றுக் காலை மறுபடி எச்சரிக்கை வந்தது. திட்டத்தில் இருந்தபடியே முதலில் சித்தி வீட்டுக்குத்தான் ஆட்கள் போயிருக்கிறார்கள். சித்தி கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். எனக்குச் செய்தி வந்தது. உடனே போன் எடுத்தேன்.

"சித்தி, உசுரு முக்கியம். வந்துருங்க சித்தி" என்று அழுதேவிட்டேன்.

"அழாதடி. நீ சொல்றது சரிதான்" என்றார் சித்தி, நிதானமாக. "அங்க போனா எங்க ஒண்ணுக்குப் போறது? அத மட்டும் சொல்லு, இப்பவே கதவத் தொறக்குறேன்."

மழைச் சத்தமும், ஆட்கள் கதவைத் தட்டும் சத்தமும் போனில் கேட்டன. சித்தி என் பதிலுக்காகப் போனை வைக்காமல் காத்திருந்தார்.